ஜென்சியின் குரல்

ஜென்சியின் அறைக்குள் ஜென்சியின் குரல் கேட்டது. ஆனால் வாசலில் அவள் செருப்பு இல்லை. போர்ட்டிகோவில் அவள் ஸ்கூட்டி நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணி. காலையிலிருந்து பெய்யலாமா வேண்டாமா என்று இழுத்துக்கொண்டிருந்த மழை அஸ்தினாபுரத்தின் மேல் கறுத்துக் கவிந்து நிற்க, பக்கத்துத் தெருவில் தண்ணீர் லாரி பின்னால் வருகிற பீப் சத்தமும், தாம்பரம் பக்கமிருந்து எழுந்த பயிற்சி விமானத்தின் முனகலும், சமையலறையில் ஃப்ரிட்ஜின் உறுமலும் ஒன்றோடொன்று குழைந்து வீடு முழுக்க நிறைந்திருந்தன. அந்தக் குழைவிலிருந்து தங்கையின் குரலைப் பிரித்தெடுக்க ஜெரூஷாவுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்று கேட்டாள். சந்தேகமே இல்லை. ஆங்கிலத்தில், நிதானமாக, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாகச் சிரிப்பது போல் ஏறி இறங்குகிற அந்தக் குரல் ஜென்சியுடையதுதான்.

'லீவு போட்டுட்டு வந்திருக்கா. என்கிட்ட சொல்லலை.'

முதலில் தோன்றியது அதுதான். எப்போது வந்தாள், எப்படி வந்தாள் என்பதெல்லாம் பிறகுதான் வந்தது. பொறாமைக்குக் காது கூர்மை, கண் மந்தம்.

இருவரும் ஒரே வேலைக்குத்தான் விண்ணப்பித்திருந்தார்கள். துரைப்பாக்கத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றில் இயங்கும் கம்பெனி. சாஃப்ட்வேர் இன்ஜினியர், ஒரே ஒரு இடம். ஜெரூஷாவின் பழைய கம்பெனி அவளுடைய டீம் மொத்தத்தையும் வீட்டுக்கு அனுப்பி ஏழு மாதமாகிறது. இருபத்தொன்பது வயது, ஏழு வருஷ அனுபவம், நாற்பதுக்கு மேல் நிராகரிப்பு மெயில்கள். ஜென்சிக்கு இருபத்தைந்து. சோழிங்கநல்லூரில் நல்ல வேலையிலேயே இருந்தாள். இருந்தும் இந்தக் கம்பெனியிலிருந்து அவளைத்தான் தேடி அழைத்தார்கள்.

அவள்தான் ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னாள். "அக்கா, நீயும் அப்ளை பண்ணு. உன் ரெஸ்யூமையும் நான் அங்க அனுப்பிட்டேன். உனக்குக் கிடைச்சா எனக்குச் சந்தோஷம்தான்."

உண்மையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. கல்லூரியில் முதல் வருஷம் புரோகிராமிங் புரியாமல் அழுதவளை இதே சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, எவர்சில்வர் டம்ளர்களை அடுக்கிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தது ஜெரூஷா. அந்தப் பெண் இன்று அக்காவின் ரெஸ்யூமை அனுப்பிவைக்கிறாள். அம்மாவோ அவள் சொன்னதைக் கேட்டுக் கண்கலங்கி, "எம் பிள்ளைக்கு எவ்வளவு மனசு" என்று ஜென்சியின் தலையைத்தான் தடவினாள். சர்ச்சில் கிறிஸ்துமஸ் ஆராதனைக்குத் தனிப்பாட்டு ஜென்சி. வீட்டில் ஜெபம் முடிந்ததும் பாடுவது ஜென்சி. அம்மா அலுத்துப்போய் வந்து நாற்காலியில் சாய்ந்ததும் "எதாவது பேசிக்கிட்டே இரு கண்ணு, உன் குரலைக் கேட்டா தலைவலி போயிடுது" என்று சொல்வதும் ஜென்சியிடம்தான். ஜெரூஷாவிடம் "கேஸ் புக் பண்ணியா?" என்பாள்.

ஜெரூஷா சத்தமில்லாமல் நடந்து போய்க் கதவில் காதை வைத்தாள்.

பிளைவுட் கதவு. மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு சில்லென்று இருக்க வேண்டியது. காய்ச்சல்காரரின் நெற்றியைப் போலச் சுட்டது.

"நீங்க கேக்குறது இதுதான்னு நினைக்கிறேன்" என்றது குரல். கேள்வியைத் தன் வார்த்தையில் ஒருமுறை திருப்பிச் சொல்வது ஜென்சியின் வழக்கம். அதுவும் ஜெரூஷா கற்றுக்கொடுத்ததே. "டிக்கெட் பதிவு செய்யுற ஒரு சைட். கடைசியா ஒரே ஒரு சீட்டு பாக்கி. ரெண்டு பேர் ஒரே நொடியில அதை அழுத்துறாங்க. யாருக்குக் கொடுக்கணும், எப்படிக் கொடுக்கணும்."

பிறகு பதில். அவசரமே இல்லாமல். முதலில் தொட்டவர் அந்த இடத்தைப் பூட்டிக்கொள்வதில் தொடங்கி, அடுத்தவரைக் காக்கவைப்பது, பூட்டியவர் பாதியில் காணாமல் போனால் எத்தனை நேரம் கழித்துப் பூட்டைத் திறப்பது, திறக்கவே கூடாத பூட்டு எப்போது வரும் என்பது வரை படிப்படியாக இறங்கியது. இவ்வளவு அழகாகத் தன்னால் சொல்ல முடியாது என்று ஜெரூஷாவுக்குத் தெரிந்தது.

குரல் நின்றது. விமானமும் போய்விட்டிருந்தது. கதவைத் தட்ட மனம் வரவில்லை. தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆறரை மணிக்குக் கேட் கிரீச்சிட்டது. ஜென்சி ஹெல்மெட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே வந்தாள். தோளில் லேப்டாப் பை.

"எங்க போயிட்டு வர்ற?" என்றாள் ஜெரூஷா.

"எங்கயா? ஆபீஸ்லேர்ந்துக்கா. மேடவாக்கத்துல செம டிராஃபிக்."

"மத்தியானம் வந்தியே. இன்டர்வியூ இல்ல உனக்கு?"

"எனக்கு அடுத்த வாரம்தானே. உனக்குத்தான் வியாழக்கிழமை முதல் ரவுண்டு." ஜென்சி சிரித்தாள். "டென்ஷன்ல என்னென்னவோ பேசுற நீ."

சொல்லிக்கொண்டே தன் அறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டாள். கட்டில், மேசை, மடித்து வைத்த துணி, சுவரில் பைபிள் வசனம் போட்ட இந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டை. வேறொன்றுமில்லை. ஒயர் சூடேறிக் கருகுகிற வாடை மட்டும் லேசாக வந்தது.

"என்னமோ தீயுதுல்ல?" என்றாள் ஜென்சி, மூக்கைச் சுளித்து.

"எனக்கு ஒண்ணும் தெரியலை" என்றாள் ஜெரூஷா.

வியாழக்கிழமை முதல் ரவுண்டு. வீடியோவில் இரண்டு பேர். பத்து நிமிஷம் பொதுவாகப் பேசிவிட்டு, கண்ணாடி போட்டவர் கேட்டார்: டிக்கெட் பதிவு செய்யும் சைட், கடைசி ஒரு சீட்டு, இரண்டு பேர்.

அதே கேள்வி. மறுகணம் ஜெரூஷாவின் வாய் திறந்தது. கதவுக்குப் பின்னால் கேட்டதை வரி பிசகாமல் சொன்னாள். திறக்கவே கூடாத பூட்டு வரைக்கும். கண்ணாடிக்காரர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "ரொம்ப நாளைக்கப்புறம் இப்படி ஒரு பதில்" என்றார்.

ஏழு மாதத்தில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கண்ணாடி முன் நின்று தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

அன்று மாலை ஜென்சி கரகரத்த தொண்டையோடு வந்தாள். அம்மா கற்பூரவல்லிச் சாறும் மிளகுப் பாலும் கொடுத்தாள். "மழையில நனையாதேன்னா கேக்குறியா?" என்று கடிந்துகொண்டு கழுத்தில் தைலம் தேய்த்துவிட்டாள். ஜெரூஷா தன் ரவுண்டு நன்றாகப் போனதைச் சொன்னாள். "அப்படியா, ஸ்தோத்திரம்" என்றாள் அம்மா, தேய்ப்பதை நிறுத்தாமல்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்த முனியம்மா கூடத்தைப் பெருக்கிவிட்டு ஜென்சியின் அறைக்கு முன்னால் போய் நின்றாள். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். திரும்பி வந்தாள்.

"பெர்ய பாப்பா, உள்ள சின்ன பாப்பா பேசிகினு கீது. நான் அப்பால வந்து பெருக்கிக்கிறேன்."

ஜெரூஷா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று.

"சரி முனியம்மா. நீங்க கிளம்புங்க."

"இன்னா பாப்பா, சுரமா அதுக்கு? கதவைத் தொட்டா சுடுது."

"கிளம்புங்கன்னு சொன்னேன்ல."

முனியம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். கேட் சாத்துகிற சத்தம் வரும்வரை பொறுத்திருந்து, ஜெரூஷா நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தாள். கதவில் காதைச் சாய்த்தாள்.

இந்த முறை தெளிவாகக் கவனித்தாள். கேள்வி கேட்பவரின் குரல் இல்லவே இல்லை. கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் மழையும் கேட்காது, ஃப்ரிட்ஜும் கேட்காது, தன் மூச்சும் கேட்காது. பிறகு, "நீங்க கேக்குறது இதுதான்னு நினைக்கிறேன்" என்று ஜென்சியின் குரல் தொடங்கும். மூன்று கேள்விகள். ஜெரூஷா ஆறு பக்கம் எழுதினாள்.

கதவைத் திறந்து பார்க்கலாம் என்று ஒரு தடவை தோன்றியது. பிடியில் கையும் வைத்தாள். திறந்தால் நின்றுவிடுமோ என்ற எண்ணம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

அன்றிரவு சாப்பாட்டின்போது ஜென்சி "அக்கா, ரசம்" என்று கேட்க வாய் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி முயன்றாள். காற்றுதான்.

குரோம்பேட்டையில் தொண்டை டாக்டர் தயாளன் குழாய் விட்டுப் பார்த்தார். "வோக்கல் கார்ட் ரெண்டும் சுத்தமா இருக்கு. வீக்கம்கூட இல்லை. ஒரு வாரம் பேசாம இருக்கட்டும்" என்றார். அம்மா ஆட்டோவில் வீடு வரும்வரை அழுதாள். ஜென்சி அலுவலகத்துக்கு லீவு சொன்னாள். துரைப்பாக்கம் கம்பெனிக்கும் மெயில் எழுதினாள். தேதியைத் தள்ளிப்போட முடியாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. அந்தப் பதிலை ஜெரூஷா தங்கையின் தோளுக்கு மேலாக இரண்டு தடவை படித்தாள். நெஞ்சுக்குள் எங்கோ ஓர் இடம் குளிர்ந்தது. அதை அவளே கவனித்தாள். வெட்கப்பட்டாள். குளிர்ச்சி அப்படியே இருந்தது.

புதன்கிழமை ஜெரூஷாவின் இரண்டாம் ரவுண்டு. மூன்று கேள்விகளும் அந்த வரிசையிலேயே வந்தன.

அன்று மாலை ஜென்சி அக்காவின் கட்டிலுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு நாளில் கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. போனில் எதையோ டைப் செய்து நீட்டினாள்.

'அக்கா, பயமா இருக்கு. என் குரல் போகலை. வேற எங்கேயோ பேசிட்டு இருக்கிற மாதிரி இருக்கு. மத்தியானத்துல தொண்டைக்குள்ள அசையுது. ஆனா நான் பேசலை.'

ஜெரூஷா படித்தாள். இப்போது சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் ரூமுக்குள்ள ஒண்ணு பேசுது, வா, வீட்டை விட்டுப் போயிடலாம்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குக் கடைசி ரவுண்டு. இன்னும் ஒரு மதியம்தான் வேண்டும். ஒன்றே ஒன்று.

போனைத் திருப்பிக் கொடுத்தாள். "கண்டதையும் நினைக்காதே. ரெஸ்ட் எடு. எல்லாம் சரியாயிடும்."

ஜென்சி அவள் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஜெரூஷா அந்தத் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தெருவில் கணுக்கால் தண்ணீர். அம்மா குடையோடு தாம்பரத்தில் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "தங்கச்சியப் பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னாள். இன்டர்வியூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இரண்டு மணிக்கே வீட்டுக்குள் சாயங்காலம் போல இருட்டிவிட்டது. ஜென்சியை அவள் அறையில் இருக்கவிடாமல், "கூடத்துல காத்து வரும்" என்று கூட்டிவந்து சோபாவில் உட்காரவைத்திருந்தாள் ஜெரூஷா. தலைவலி மாத்திரையோடு தூக்க மாத்திரை ஒன்றையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். ஜென்சி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். ஜெரூஷா மெல்ல எழுந்து கதவருகே போய் உட்கார்ந்தாள். நோட்டைப் பிரித்தாள்.

மூன்று மணி.

பள்ளம் விழுந்தது. மழைச் சத்தம் அறுந்தது.

"நீங்க கேக்குறது இதுதான்னு நினைக்கிறேன்" என்றது உள்ளே. "நான் எதுக்கு ஆசைப்படுறேன். அதுக்காக எதை விட்டுக்கொடுப்பேன்."

பேனா ஓடத் தொடங்கியது. பாதி வரி. தோளில் ஒரு கை விழுந்தது.

ஜென்சி நின்றுகொண்டிருந்தாள். தூக்கம் கலையாத கண். கதவைப் பார்த்தாள். தன் குரலைக் கேட்டாள். கை தானாகத் தன் தொண்டைக்குப் போனது. பிறகு குனிந்து நோட்டைப் பார்த்தாள். தேதி போட்டு எழுதிய பக்கங்கள். போன திங்கட்கிழமை. மேலே கோடு போட்ட 'மூன்று கேள்விகள்'.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கத்தவில்லை, கத்த முடியாது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். கண்ணீர் வழிய வழிய ஆட்டினாள். வாசலைக் காட்டினாள். வா, போகலாம்.

"ஒரு நிமிஷம்" என்றாள் ஜெரூஷா கிசுகிசுப்பாக. "இது முடியட்டும் ஜென்சி. இது ஒண்ணு மட்டும்." கையை உதறினாள். நோட்டில் குனிந்தாள்.

ஜென்சி அவளைத் தாண்டிப் போய்க் கதவைத் திறந்தாள்.

உள்ளே இருட்டு. கருகல் வாடை. அவள் உள்ளே நுழைந்ததும் கதவு சாத்திக்கொண்டது. பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றது.

மழை திரும்பக் கேட்டது.

ஜெரூஷா வெகுநேரம் காத்திருந்தாள். "ஜென்சி?" என்றாள். பதில் இல்லை. பதில் எப்படி வரும் என்று நினைத்துக்கொண்டாள். கதவு இப்போது சுடவில்லை. பனிக்கட்டி மாதிரி இருந்தது. தட்டலாம். உடைக்கலாம். பக்கத்து வீட்டைக் கூப்பிடலாம். மணியைப் பார்த்தாள். மூன்று ஐம்பத்திரண்டு.

எழுந்தாள். முகம் கழுவினாள். தலை வாரினாள். தன் அறைக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தாள்.

மேனேஜர் ஹர்ஷா சிரித்த முகத்தோடு வந்தார். "உங்களைப் பத்தி நல்லா சொன்னாங்க. ரெண்டே கேள்விதான். எதுக்கு ஆசைப்படுறீங்க? அதுக்காக எதை விட்டுக்கொடுப்பீங்க?"

நோட்டில் பாதி வரிதான் இருந்தது. ஜெரூஷா அதைப் பார்த்தாள். என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தாள்.

பதில் வந்தது.

நிதானமாக. அழகாக. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் லேசாகச் சிரிப்பது போல் ஏறி இறங்கி. ஹர்ஷா நாற்காலியில் முன்னால் சாய்ந்தார். தலையசைத்தார். இருபது நிமிஷம். அரை மணி நேரம். ஜெரூஷாவுக்குத் தொண்டைக்குள் எதுவோ அசைவது தெரிந்தது. அவள் பேசவில்லை. பேச்சு நடந்தது.

"இதை நான் இப்பவே சொல்லிடுறேன்" என்றார் ஹர்ஷா கடைசியில். "வேலை உங்களுக்குத்தான். எப்போ சேர முடியும்?"

ஜெரூஷா பதில் சொல்லாமலே லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நினைத்தாள். பயமாக இருந்தது. சொல்லவில்லை.

கூடத்தைக் கடந்தாள். ஜென்சியின் கதவைத் தள்ளினாள். எதிர்ப்பே இல்லாமல் திறந்தது.

ஜென்சி மேசை முன் உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்த்து. மேசை மேல் ஒன்றுமில்லை. பத்து விரலும் வெறும் பலகையில் டைப் அடித்துக்கொண்டிருந்தன. வேகமாக. நகங்களின் ஓரம் சிவந்திருந்தது. பலகையும் சிவந்திருந்தது.

"ஜென்..."

அக்காவின் வாயிலிருந்து தன் பெயர் தன் குரலிலேயே வந்ததும் அவள் திரும்பினாள். உடம்பு திரும்பவில்லை, கழுத்து மட்டும். விரல்கள் நிற்கவில்லை. கண்கள் அவளுடையவைதான். உயிரோடு இருந்தன. உதடு பிரிந்தது. அக்கா. சத்தமில்லை. அக்கா. அக்கா.

ஜெரூஷா பின்னால் நகர்ந்தாள். சுவர் இடித்தது.

"திங்கட்கிழமையே சேர முடியும்" என்றது தொண்டை.

வாயைப் பொத்தினாள். ஒரு கை. இரண்டு கை. பல்லைக் கடித்தாள். உள்ளங்கைக்குள் உதடு இறுக மூடியிருந்தது.

"ரொம்பச் சந்தோஷம்" என்றது. "இங்க எனக்கு வேற எதுவும் பாக்கி இல்லை."

கேட் கிரீச்சிட்டது. போர்ட்டிகோவில் குடையை உதறுகிற சத்தம். அம்மா நின்றுவிட்டாள். ஒரு கணம். பிறகு குடை தரையில் விழுந்தது.

"ஜென்சி! ஜென்சிக் கண்ணு! குரல் வந்துடுச்சா? கர்த்தாவே, எம் பிள்ளைக்குக் குரல் வந்துடுச்சு!"

ஈரக் கால்கள் கூடத்தில் ஓடிவந்தன. அப்படி ஒரு சந்தோஷத்தோடு அம்மா இந்த வீட்டுக்குள் ஓடிவந்து ஜெரூஷா பார்த்ததே இல்லை. வராதேம்மா என்று கத்த முயன்றாள். பொத்திய கைகளுக்குப் பின்னால், மூடிய உதடுகளுக்குப் பின்னால், தேன் மாதிரி ஒரு குரல் பதில் சொன்னது.

"இதோ இருக்கேன்மா. உள்ள வா."

மேசை முன்னால் ஜென்சியின் வாய் அகலத் திறந்திருந்தது. நாக்கு அசைந்துகொண்டிருந்தது. விரல்கள் நிற்கவில்லை.